அக்காவின் கால் கட்டைவிரல்

ஜூன் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பொக்கை வாய்களின் காவலனும், இதுவரை நாற்பதாயிரம் பற்களைப் படைத்து உலகுக்கு வழங்கியவனும், உனக்கு வாய்த்த ஒரே தாய்மாமனுமாகிய நான், பல்செட் பட்டறையில் என் மேசை மேலிருந்த, ஈறு அளவெடுத்த மாவு அச்சுகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு இதை எழுதுகிறேன். நீயும், உன் மனைவியும், அவள் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் மகாப்பிரபுவும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாமே என்பாய். அந்தப் போன் உன் அம்மாவின் சாம்ராஜ்யம். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எனக்கும் அதற்கும் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்துகொள்கிறாள். அவளைப் பற்றிய செய்தியை அவளைத் தாண்டி எப்படி அனுப்புவது? அதனால்தான் தபால்.

செய்தி அவளுடைய கால் கட்டைவிரலைப் பற்றியது. நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிவிட்டது. முதலில் லேசாகச் சிவந்தது. பிறகு வீங்கியது. வீங்கி, பலூனாகி, பூசணிக்காயாகி, இப்போது தனக்கென்று ஒரு ரேஷன் கார்டு கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. வீட்டிலுள்ள நாற்காலிகளுக்கெல்லாம் கால்கள் இருப்பதே தன்னை இடிப்பதற்குத்தான் என்று அவள் நம்புகிறாள். போன வாரம் காற்றில் ஒரு காகிதம் பறந்து வந்து விரலில் பட்டது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

எல்லாம் பயணத்துக்காக நீ அனுப்பி வைத்த அந்த ஷூவால் வந்தது. பிள்ளை அனுப்பியது, அதுவும் பளபளப்பாக இருக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பழகினாள். விரல் நுனியை அது நெருக்கிவிட்டது. நான் சும்மா இருப்பேனா? இந்த வீட்டின் அரை டாக்டர் அல்லவா? முள் எடுத்தது யார், உன் காதில் போன மணியை எடுத்தது யார்? பட்டறையிலிருந்து சின்ன இடுக்கியும் அரமும் கொண்டுவந்து, போன மாதம் நானே அந்த நகத்தைத் திருத்தினேன். எங்கள் தொழிலின் முதல் சட்டம் உனக்குத் தெரியும். பல்செட்டில் எங்கே மூலை இருக்கிறதோ அது ஈறைக் குத்தும். மூலையை உருட்டு, மழுக்கு, வழவழவென்று ஆக்கு. அப்படியே நகத்தின் இரண்டு மூலைகளையும் உள்ளே வரை வளைத்து வெட்டி மெருகேற்றிவிட்டேன். முத்து மாதிரி இருந்தது. அப்படியும் அந்த விரல் நன்றி கெட்டு நடந்துகொள்கிறது.

ஜூலை இருபதாம் தேதி டிக்கெட். பதினாறு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அவளுக்குக் கொஞ்சம் சர்க்கரையும் இருக்கிறது. இந்த விரலை ஏற்றினால் விமானம் ஒரு பக்கமாகச் சாயுமே என்று எனக்கு விமானியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. போகாதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் பிரசவ வீட்டுக்கு வந்து அவள் உங்களைக் கவனிப்பாளா, நீங்கள் அவளைக் கவனிப்பீர்களா என்று நீ ஒரு நிமிஷம் யோசித்துப் பார்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. நீங்கள் மூவரும் நூறாண்டு இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்குப் பல் முளைத்ததும் எனக்கு முதலில் தெரிவி.

இப்படிக்கு,
பற்களின் பேரரசன்,
உன் மாமா

*

ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் தீர்ப்பு பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் வழியாக வந்து இறங்கியது. கால் சரியில்லாமல் அலைய வேண்டாம், ஓய்வு எடு, என் மாமியாரே வருகிறார், அவருக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று என்றாய். மொத்தம் நாலு நிமிஷம். உன் அம்மா சரிப்பா, சரிப்பா, அதுவும் நல்லதுதான் என்றாள். போனை வைத்ததும் உள்ளே போய், அடுக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்து பார்த்தாள். எதையும் எடுக்கவில்லை. மூடி வைத்துவிட்டு வந்து வெங்காயம் நறுக்கினாள்.

உனக்கு ஒன்று சொல்லவில்லை. விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டு இருக்குமாமே என்று அவளுக்கு உள்ளூர ஒரே பயம். அதற்காக ஏப்ரல் மாதத்தில் பெரிய துணிக்கடைக்கு என்னை நாலு நாள் இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றும் வாங்காமல் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி. கடைக் காவலாளி எங்களைத் திருட்டுக் கும்பல் என்றே முடிவு கட்டிவிட்டான். கடைசி நாளில் அவள் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிவந்தாள். இமயத்திலிருந்து இறங்குகிறவள் மாதிரி இருந்தது முகம்.

இருக்கட்டும். சண்டை போடுவதற்கு இந்தக் கடிதம் இல்லை. சிகிச்சை முடிந்தது என்று சொல்லத்தான்.

இருபதாம் தேதி அவளைக் கால் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன மருத்துவமனை. டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும். கட்டைப் பிரித்ததும் சீழ் வந்தது. டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து விரலையே பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். அதுதான் வலித்தது. உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில், பல்லுக்கு மெழுகு பிடிக்கும் என் கை இன்னும் ஒரு வருஷத்துக்கு உபயோகப்படாது. பிறகு விரல் மரத்துப்போனது. அடியில் ரப்பர் பட்டையைச் சுற்றி, நகத்தின் ஓரத்தை நீளவாக்கில் வெட்டி உருவினார் டாக்டர். வந்தது ஓர் ஈர்க்குச்சித் துணுக்கு. மாப்பிள்ளை, அவ்வளவுதான். இத்தனை நாள் அவளைக் குத்தி ஆட்டிவைத்தது அந்த ஒரு துணுக்கு. அந்த ஓரம் மறுபடி முளைக்காதபடி வேரில் ஏதோ மருந்து தடவிக் கட்டுப் போட்டார். எல்லாம் இருபது நிமிஷத்துக்குள்.

முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, இந்த நகத்தை வெட்டியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, நான்தான் என்றாள்.

“நகத்த நேரா வெட்டணும்மா. மூலைய வளைச்சு வெட்டுனா அது சதைக்குள்ளதான் வளரும். உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா எலும்பு வரைக்கும் போயிருக்கும், விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்” என்றார்.

அவள் பள்ளிக்கூடப் பெண் மாதிரி தலையை ஆட்டித் திட்டு வாங்கிக்கொண்டாள். நாற்பதாயிரம் பற்களின் நாயகன், மறைப்புத் துணியின் கொக்கிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். பதினொன்று.

தினமும் கட்டு மாற்ற வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, களிம்பு. அதை நான் செய்கிறேன். இதுவரை கூச்சல் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் அடிக்கடி விசாரி.

இப்படிக்கு,
உன் மாமா

*

ஜூலை 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இதைத் துரிதத் தபாலில் அனுப்புகிறேன். இதுவும் போனில் சொல்லக்கூடியதுதான், ஆனால் எனக்கு வாய் இல்லை.

போன இரண்டு கடிதங்களிலும் ஒன்றை விட்டுவிட்டேன். மூலையை வளைத்து வெட்டக் கூடாது என்று நான் மருத்துவமனையில் தெரிந்துகொள்ளவில்லை. மே மாதம் இருபத்தொன்பதாம் தேதியே எனக்குத் தெரியும். நான் பல்செட் செய்துகொடுக்கும் பல் டாக்டரிடம் அன்றைக்கு என் கைவேலையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. பல்லுக்கு நியாயம், நகத்துக்கு அநியாயம் என்றார். சர்க்கரை உள்ளவரின் காலை இப்படி வைத்திருக்காதே, நாளைக்கே காட்டு என்று அந்தக் கால் டாக்டரின் பெயரும் நேரமும் ஒரு சீட்டில் எழுதி, மேலே தேதியும் போட்டுக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிவந்தேன். அதற்கு நாலு நாள் கழித்துத்தான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன்.

ஆக, வெட்டியது அறியாமை. அதற்குப் பிறகு நடந்தது அறியாமை இல்லை. உன் பதில் வரும் வரை அந்த விரல் சரியாகாமல் இருந்தால் தேவலை என்று இருந்தேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு ஆறாம் நாள்தான் அவளை அழைத்துப் போனேன். இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கிறேன். இதில் மிகைப்படுத்துவதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். அவள் ஆறு மாதம் என்று போவாள். ஆறு மாதம் ஒரு வருஷமாகும். குழந்தை அவள் மடியை விட்டு இறங்காது. நீ விசா நீட்டிப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் யாரிடம் பேசுவது? என் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு பேச அவளைத் தவிர யாரும் இல்லை. உலகத்தில் மற்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

போன திங்கட்கிழமை துணி துவைக்கும்போது அந்தச் சீட்டு அவள் கையில் கிடைத்தது. தேதியைப் பார்த்திருக்கிறாள். நான் பட்டறையிலிருந்து வந்தபோது சீட்டு மேசை மேல் காய்ந்துகொண்டிருந்தது, பறக்காமல் இருக்க அதன் மேல் உப்பு டப்பா. அவள் கட்டுப் போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஆயிரம் சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா தம்பி. அதுக்கு என் காலா கெடச்சுது?”

அவ்வளவுதான் சொன்னாள். இன்றைக்கு ஏழு நாள் ஆகிறது. சோறு போடுகிறாள். என் சட்டையை மடித்து வைக்கிறாள். கட்டைத் தானே மாற்றிக்கொள்கிறாள். குனிய முடியாமல் குனிந்து, கதவைச் சாத்திக்கொண்டு. ஒரு வார்த்தை இல்லை.

என் பங்கு முடிந்தது. இப்போது உன் பங்கு. என் பேச்சைப் பத்தால் வகுத்துத்தான் கேட்க வேண்டும் என்று பத்து வயதில் கண்டுபிடித்தவன் நீ. புலியைப் பார்த்தேன் என்றால் பூனை என்று எடுத்துக்கொள்வாய். பூசணிக்காய் விரல் என்று எழுதினால் வகுத்துப் பார்க்க வேண்டாமா? வாழ்நாளெல்லாம் வகுத்தவன் இந்த ஒரு தடவை மட்டும் அப்படியே நம்பியிருக்கிறாய். எந்தக் கால் என்று உன் அம்மாவிடம் நீ கேட்கவில்லை. நானும் அதை எழுத மறந்திருந்தேன். டாக்டரிடம் காட்டினாயா என்றும் கேட்கவில்லை. நான் கதவைச் சாத்தினேன், சரி. நீ அந்தப் பக்கம் தயாராகத் தாழ்ப்பாளோடு நின்றாய் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை.

இத்துடன் டாக்டரின் கடிதம் இருக்கிறது. புண் நன்றாக ஆறி வருகிறது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முன்பக்கம் அகலமான செருப்போடு பயணம் போகலாம் என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதில் என் எழுத்து ஒன்றும் இல்லை. அதை நம்பு.

பிரசவத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறது. உன் மாமியார் வரட்டும், அது அவர் உரிமை. உன் அம்மாவும் வரட்டும். இரண்டு பேருக்கும் இடம் இல்லாத அளவுக்குச் சின்னக் குழந்தையா பிறக்கப் போகிறது? நீ கூப்பிட்டால் முதலில் மாட்டேன் என்பாள். யாரும் இரக்கப்பட்டுக் கூப்பிட வேண்டாம் என்பாள். கால் இன்னும் வலிக்கிறது என்று பொய்யும் சொல்வாள். அப்போதும் விடாதே. உன் மனைவியை விட்டுக் கேட்கச் சொல். உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேட்காதே, நீ வேண்டும் என்று கேள்.

எனக்காக இதைக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்டால் அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்றுதான் கேட்பேன். ஆனால் என்னோடு ஒரே வீட்டில் இருப்பது இப்போது அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது, மாப்பிள்ளை. நான் உள்ளே வந்தால் முக்காலியிலிருந்து காலை இறக்கிப் புடவைக்குள் மறைத்துக்கொள்கிறாள்.

உன் மனைவிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். குழந்தை நல்ல உடம்போடு வரட்டும். உன் அம்மாவைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தம்பி