ஈஸ்டர் வரை ஓடிய படம்

11-10-87, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வீட்டில் ஒரே பேச்சு. மாதா கோவில் திருவிழாவில் பேத்தி அருள்செல்வி ஆடியதை ஒரு சினிமா டான்ஸ் மாஸ்டர் பார்த்திருக்கிறார். இந்தியில் நன்றாக ஓடிய நடனப் படத்தைத் தமிழில் எடுக்கிறார்களாம். பதினாறு பெண்கள் ஆடும் பாட்டில் இவளும் ஒருத்தி.

ஓவர்டைம் முடிந்து வந்த என் மகன் செபாஸ்டியன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இந்த ஒரு படந்தான். அதுல இவ முகம் பளிச்சுனு தெரியணும். தெரிஞ்சா மேற்கொண்டு ஆடட்டும். இல்லன்னா டைப்ரைட்டிங் கிளாசு. அப்புறம் ஆட்டங்கிற பேச்சே இங்க கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். "தெரியும்டா, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சினிமாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அஞ்சாவதோடு நின்றவள் நான்.

2-11-87

துணைக்குக் கோடம்பாக்கம் போனேன். அப்பா — என்ன இடம் அது! தரையை அப்படித் தேய்த்து வைத்திருக்கிறார்கள், விளக்கெல்லாம் காலுக்குக் கீழேயும் எரிகிறது. நம் கோவில் பீடத்தில்கூட இத்தனை வெளிச்சம் நான் கண்டதில்லை. சேசுவே, மன்னியும்.

மாஸ்டர் ஒரு டிவியில் இந்திப் படத்தைப் போட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே இடது கை என்றால் இங்கேயும் இடது கை. ஆரஞ்சுப் பாவாடை, வெள்ளி பெல்ட்டு, கொண்டையில் இறகு, எல்லாம் அச்சாக அதே மாதிரி. ஏன் என்று தையல்காரரைக் கேட்டேன். "நூல் கலருகூட மாறக் கூடாதுன்னு ஆர்டரும்மா" என்றார். அந்தப் படத்துக்கு அவ்வளவு மரியாதை போலிருக்கிறது.

5-11-87

இன்று என்னை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முழங்கால் கன்றிப்போய் வந்தாள். கேட்டால் சிரிக்கிறாள்.

11-3-88, வெள்ளி

படம் வந்துவிட்டது. தவக்காலத்திலா வர வேண்டும்? இந்த நாற்பது நாளும் எங்கள் வீட்டில் யாரும் தியேட்டர் வாசலை மிதிப்பதில்லை. ஆடியவளே இன்னும் பார்க்கவில்லை. ஈஸ்டர் ஏப்ரல் மூன்றாம் தேதி. அதுவரை ஓடுமா?

"ஓடலன்னா என்னம்மா, கிளாசுல சேத்துற வேண்டியதுதான்" என்கிறான் செபாஸ்டியன்.

25-3-88

ஸ்டேஷன் சுவரில் போஸ்டர் இன்னும் இருக்கிறது.

4-4-88, திங்கள்

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு அம்பத்தூருக்கு ரயிலில் போனோம். அந்தப் பாட்டு வந்தது. திரை முழுக்க ஆரஞ்சு.

"இன்னா பெரிம்மா, உன் பேத்தி எங்க கீது?"

"அந்தா, ரெண்டாவது வரிசை, ஓரத்துல." எழுந்து நின்றே காட்டினேன்.

"குந்து ஆயா, மறைக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பிறகு கதாநாயகி ஒற்றை முழங்காலில் சுற்ற ஆரம்பித்தாள். முகம் தெரியவில்லை. முதுகும் கூந்தலும் பாவாடையும்தான். சுற்றிக்கொண்டே எழுந்தாள், நிற்காமல். மனுஷ உடம்பா அது? விசில் காதைப் பிளந்தது. "அடேயப்பா" என்றான் செபாஸ்டியன். அவன் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

திரும்பும்போது, எல்லம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம், அருள்செல்வி பிளாட்பாரத்தில் அழுதாள். "நீங்க காட்டுனது நான் இல்ல அப்பாயி. தூரத்துல தெரியறவங்கெல்லாம் பம்பாய்ப் பொண்ணுங்க. இந்திப் படத்துலேருந்து வெட்டி ஒட்டியிருக்காங்க. அதுக்குத்தான் ஒரே மாதிரி துணி. கிட்டத்துல எங்கள எடுத்தது ஒண்ணுமே வரல."

செபாஸ்டியன் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "சரி, டைப்ரைட்டிங்" என்றான். வாக்குக் கொடுத்தவளே நான்தானே.

5-4-88

காலையில் அவன் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான். அவள் வாசலை மறித்தாள்.

"அப்பா, நீங்க அடேயப்பான்னீங்களே, அது நான்தான். அந்த ஹீரோயின் அம்மாவுக்குக் கால் பிசகிடுச்சு. அவங்க துணியையும் சவுரியையும் போட்டு என்னைச் சுத்த வச்சாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு மாஸ்டர் சத்தியம் வாங்கிட்டாரு."

"முகமே தெரியாதப்ப யாரு வேணா நான்தான்னு சொல்லலாம்."

அவள் கட்டிலைச் சுவரோரம் தள்ளினாள். பாவாடையைச் செருகிக்கொண்டு சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டாள். சுற்றினாள். எங்கள் சின்ன ஹாலில், எங்கள் கண்ணெதிரே. காலண்டர் தாள் படபடத்தது. எழுந்தாள், நிற்காமல். அதே முதுகு. நான் தூக்கி வளர்த்த பிள்ளைதானா இது? எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பிவிட்டேன்.

ஃபேக்டரி சங்கு ஊதியது. செபாஸ்டியன் நகரவில்லை. கடைசியில் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்.

"வலிக்குதாம்மா?"

18-4-88

டான்சர் யூனியனில் சேர அப்பா கையெழுத்து வேண்டுமாம். செபாஸ்டியன் லீவு போட்டுவிட்டு அவளோடு காலை ரயிலில் போயிருக்கிறான்.

குழாயடியில் எல்லம்மா, "உன் பேத்தி நல்லாத்தான் ஆடுது பெரிம்மா. ஆனா அந்த ஈரோயினி சுத்துச்சி பாரு, அத்த இன்னும் மறக்க முடில" என்றாள்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.