1460-ல் ஒரு முகடு

மார்ச் 4
தம்பி போய் ஆறு நாள். வேலைக்கு வந்துவிட்டேன். பாறைக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஆய்வுக்கூடம், லிஃப்டில் ஏழு நிமிடம். யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. நல்லது.

கிளம்பும்போது அக்கா சொன்னது: "கூடப்பொறந்தவன் செத்துக் கெடந்தான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே உனக்கு. இனிமே என்கிட்ட பேசாத." பொய்யில்லை. வரவில்லை. என்ன செய்ய?

மார்ச் 5
ஜெர்மேனியம் தனிமத்தின் படிகத்தைச் செம்புத் தாங்கியில் பொருத்தினேன். நாங்கள் தேடும் அணுச்சிதைவு வருடத்துக்கு ஒன்று அகப்பட்டாலே பாக்கியம். பக்கத்தில் வேறு கதிரியக்கம் மூச்சுக் காட்டக் கூடாது. மனித உடம்பே இங்கே அழுக்கு. வியர்வையில் கூடக் கதிர்வீசும் பொட்டாசியம். கடவுளே வந்தாலும் குளித்துவிட்டு, இரண்டு கையுறை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி, திருகாணி தெரியவில்லை. நெற்றிக்கு ஏற்றிவிட்டேன். அப்புறமும் மங்கல்தான். தூக்கம் போதவில்லை போல.

மார்ச் 19
அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 2
சாப்பிட்டேன். தூங்கினேன்.

மே 11
என் படிகத்தின் கதிர் ஆற்றல் வரைபடத்தில் மட்டும் 1460-ல் ஒரு முகடு. பொட்டாசியம். இரண்டு மாதத்தில் இருபத்து மூன்று எண்ணிக்கை.

"யாரோ கை வெச்சிருக்காங்க," என்றார் குழுத்தலைவர்.

யாரோ என்ன யாரோ — பொருத்தியது நான்தான். இரண்டு மாத வேலை குப்பைக்கு. வருத்தப்பட வேண்டும் என்று தெரிகிறது. வருத்தம்தான் வரவில்லை.

மே 26
தாங்கியைப் பிரித்தோம். டெக்னீஷியன் விளக்கைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"கைரேகை இல்ல மேடம். வேர்வைன்னா இழுவியிருக்கும். இது சொட்டு சொட்டா விழுந்து காஞ்சிருக்கு. மூணு."

"மேல எங்கயாவது ஒழுகுதா?"

"மேல நீங்கதான குனிஞ்சு நின்னீங்க."

நானா? எப்ப அழுதேன் நான்? எனக்கே தெரியாம எப்படி —

மே 27
"கையுறைக் கிழிசல்னு போட்ருங்க, யாரும் கேக்க மாட்டாங்க," என்றார் குழுத்தலைவர். அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'பொருத்தியவரின் கண்ணீர்' என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

மாலையில் அவளே கூப்பிட்டாள்.

"இந்த நம்பரெல்லாம் எனக்குப் புரியல. எப்ப அழுதே?"

"மார்ச் அஞ்சு. எனக்கே நேத்துதான் தெரியும்."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஞாயித்துக்கிழமை வா. அவன் சட்டையெல்லாம் இன்னும் கொடியிலயே கெடக்கு. என்னால தனியா எடுக்க முடியல."

வருகிறேன் என்றேன்.