நம் கிணற்றின் நீலப் புள்ளி

திருவெள்ளறை
28.8.2025, வியாழக்கிழமை

அன்பு மகள் மகாலட்சுமிக்கு அம்மா ராசாத்தி ஆயிரம் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். ஜெர்மனியில் குளிர் தொடங்கிவிட்டதா? போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது கேள்வி கேட்பாய். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கடைசிவரை படி.

நேற்று திருச்சிக்குப் போயிருந்தேன். உன் ஆராய்ச்சிக்காக மூன்று வருஷமாக நம் ஊர்க் கிணறுகளை அளந்து அனுப்புகிறேனே, அதையெல்லாம் ஒரு காலேஜில் பெரிய திரையில் காட்டுகிறோம், வந்து பாருங்கள் என்று உன் தோழி ஃபெமினா கூப்பிட்டிருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போய்விட்டேன். திரை சுவரில் மாட்டியிருக்கும் என்று நினைத்தேன். பந்தி மேசை மாதிரி படுக்க வைத்திருந்தார்கள். அதன்மேல் நம் ஊர்! கோயில் மதில், ரோடு, பதினெட்டுக் கிணறும் நீலக் கம்பங்களாக. ‘தொடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது’ என்றாள் ஃபெமினா. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டேன்.

மகா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விரலை நகர்த்தினால் மாதங்கள் ஓடுகின்றன. ஐப்பசியில் கம்பங்கள் மளமளவென்று ஏறின, பங்குனியில் இறங்கின. வாராவாரம் கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, நனைந்த நீளத்தைப் பார்த்து நான் கிறுக்கி அனுப்பிய எண்கள்தான் அத்தனையும். இன்னொரு பொத்தானைத் தொட்டதும் மண் விலகி அடியில் இருக்கும் தண்ணீர் தெரிந்தது. பக்கத்து வயல் பூவரசன் தண்ணீர் வேறு, நம் தண்ணீர் வேறு என்று எத்தனை வரப்புச் சண்டை போட்டிருப்போம்! கீழே வரப்பே இல்லையடி. ஒரே தண்ணீர். அவர் பக்கம் சரிந்தால் நம் பக்கமும் சரிகிறது. உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பிறகு ஃபெமினா கோடைக்குத் தள்ளினாள். நம் பக்கத்துக் கிணறுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. நடுவில் ஒன்று மட்டும் நீலமாகவே நின்றது. ‘கடைசி ரெண்டு கோடையிலயும் சுத்தி எல்லாம் வறண்டிருக்கு, இது மட்டும் வத்தலை பாருங்க. அடியில ஏதோ ஊத்து இருக்கணும். மகா இதை வச்சுத்தான் அடுத்த வாரம் ஜெர்மனியில பேசப் போறா’ என்று எல்லாரிடமும் சொன்னாள். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த நீலப் புள்ளி நம் கிணறு.

ஊற்றும் இல்லை, ஒன்றும் இல்லை, மகா. போன வருஷமும் இந்த வருஷமும் சித்திரை, வைகாசியில் நம் கிணறு வறண்டுதான் கிடந்தது.

நீ அளக்கச் சொன்னது வெள்ளிக்கிழமை. அரிசி தீர்ந்தாலும் நிறைந்திருக்கிறது என்று சொல்லும் வீடு இது. விளக்கேற்றும் நாளில் நம் கிணற்றில் தண்ணீர் இல்லை என்று எப்படி எழுதுவேன்? ஒரு அடி என்று எழுதினேன். அதே வெள்ளிக்கிழமை பூவரசன் கிணற்றுக்கு ‘வறண்டது’ என்று எழுத மட்டும் கை கூசவில்லை. அதுதான் உன் அம்மாவின் லட்சணம்! ஒரு அடியில் என்ன குடி முழுகிப் போகும் என்று நினைத்தேன். அது உன் படிப்பில் போய் உட்காரும் என்று தெரியாமல் போயிற்று.

சாமி மேல் மட்டும் பழி போடக் கூடாது. வறண்டது என்று எழுதினால் முதலில் பார்ப்பவள் நீ. அடுத்த நாளே கிளம்பி வந்து நிற்பாய் என்று பயந்தேன். எள் போட்டிருக்கிறோம் என்று சொன்னேனே, போடவில்லை. அந்த மாதங்களில் அப்பா மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனார். இப்போது போவதில்லை. ஆடி மழையில் கிணறு ஊறிவிட்டது, இது சத்தியம்.

ஃபெமினாவைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். ‘ஐயோ அம்மா’ என்று தலையில் கை வைத்தவள், ‘இதை நீங்களே மகாகிட்ட சொல்லிடுங்கம்மா, அவ பேசறதுக்கு இன்னும் நாள் அதிகமில்லை’ என்றாள். நான் பொய் எழுதிய வாரங்களைத் தாளின் பின்பக்கம் தேதியோடு குறித்திருக்கிறேன். மொத்தம் பதினாறு. மற்ற பதினேழு கிணறுகளிலும் ஒரு விரற்கடை கூடத் தவறு இல்லை, அவற்றை நம்பலாம்.

உன் பேச்சில் பாதி இதனால் போய்விடும் என்று தெரிகிறது. மூன்று வருஷ உழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் மூடி மறைத்துப் பேசாதே. அளந்தவள் தப்பாக எழுதிவிட்டாள் என்று சொல், யார் என்று கேட்டால் என் பெயரையே சொல். திட்டுவதென்றால் பேசி முடித்த பிறகு திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

திருத்திய படத்தை எனக்கு அனுப்பு. நம் கிணறும் மற்றவற்றோடு சேர்ந்து சிவந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும். நீயும் பார்ப்பாய். பார்த்துவிட்டு டிக்கெட் மட்டும் போடாதே, கண்ணு. படிப்பை முடித்துவிட்டே வா. பெருமாள் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அம்மா,
ராசாத்தி