வட்டத்துக்கு வெளியே வெட்டிய கட்டில்

என் அக்காவைக் கட்டிக்கொண்டதோடு நிற்காமல், என் மரப் பட்டறையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்ட என் பிரியமான மாமாவுக்கு,

நாளை மறுநாள் உங்கள் பெண் பவித்ராவுக்குக் கல்யாணம், மாமா. நீங்கள் பார்த்து வைத்த அதே பள்ளிகொண்டா பையன்தான். கம்மியாகப் பேசுகிறான், ஜாஸ்தியாகச் சிரிக்கிறான். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அவனை நம் பட்டறைக்கு வரவழைத்து, ஒரு பலகையைக் கையில் கொடுத்து, "இதுல குறை எங்க இருக்கு, சொல்லு" என்று கேட்டு அலற வைத்திருப்பீர்கள்.

நாளைக்குச் சாயங்காலம் சீர் வாசிப்பார்கள். மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, எது யார் கொடுத்தது என்று மைக்கில் சொல்வார்கள். நம் பக்கம் கட்டில் என்றால் அது அப்பா கொடுப்பது. அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் கொடுப்பான். அதனால் உங்கள் காரியம் முடிந்த வாரமே, திமிரியில் இருக்கும் உங்கள் அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டார்.

"கட்டில தாய்மாமன் சீர்னே போட்டுடுப்பா. என் தம்பியே இல்லாதப்போ அவன் பேர எப்டி வாசிக்கிறது? உனக்கும் கவுரவம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் தலையை ஆட்டினேன். அக்கா எழுந்து உள்ளே போனாள். அவர் பஸ் ஏறிய பிறகு என்னிடம் வந்து நின்றாள். "தனா, நான் உன்கிட்ட வேற எதுவும் கேக்கல. கட்டில் ஒண்ணாவது அவரு பேர்ல போவணும்டா" என்றாள். அக்கா என்னிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். நான் சரி என்றேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

பொய்யாக உங்கள் பெயரை வாசிக்க எனக்கு இஷ்டமில்லை. நான் செய்த கட்டிலை நீங்கள் செய்ததாகச் சொன்னால் நீங்களே ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். "இன்னா மச்சான், உன் இழைப்புக்கு என் பேரா" என்று கேட்பீர்கள்.

அப்போதுதான் அந்தக் கட்டு ஞாபகம் வந்தது. கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்கென்று நீங்கள் சென்னைக்குப் போய், குடோன் குடோனாக ஏறி இறங்கி, கடைக்காரர்களைப் பேஜார் பண்ணி எடுத்து வந்த ஈட்டி மர வெனீர். ஒரே மரத்தில் அடுத்தடுத்துச் சீவிய தாள்கள், வரிசை கலையாமல். பலகை மேல் ஒட்டுவதற்கு, காகிதத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பரண் மேல் கோணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். இரண்டு தாளைப் புத்தகம் மாதிரி விரித்தால் இந்தப் பக்கத்து ரேகை அந்தப் பக்கம் கண்ணாடியில் பார்த்ததுபோல் வரும். அப்படி விரித்து ஒட்டி, தேக்குச் சட்டத்துக்குள் வைத்தால் போதும், பார்க்கிறவன் வாயடைத்துப் போவான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கட்டைப் பிரித்தேன்.

மாமா, இன்னா வேலை பண்ணி வச்சிருக்கீங்க?

எல்லாத் தாளிலும் சில்வர் பேனாவால் வட்டம். முடிச்சைச் சுற்றி வட்டம், பூச்சி ஓட்டையைச் சுற்றி வட்டம், ஒன்றுமே இல்லாத இடத்திலும் வட்டம். ஷூ கம்பெனி கட்டிங்கில் அத்தனை வருஷம் இருந்தவர் நீங்கள். தோலை வெட்டும் முன் உண்ணிக்கடி, தழும்பு, முள் கிழித்த கோடு எல்லாவற்றையும் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டுவீர்கள், வெட்டுகிறவன் அதை ஒதுக்கி வெட்டுவான். தோலில் அது துணியால் துடைத்தால் போய்விடும். பாலிஷ் போடாத மரத்தில் போகுமா? மை அப்படியே ரேகைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பட்டறைக்கு வந்து இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு நாளும் மரத்தின் மேல் அந்தப் பேனாவை வைத்ததில்லை. சாக்பீஸ்தான். உங்கள் பெண்ணின் கட்டிலுக்கு மட்டும் ஏன் அதை எடுத்தீர்கள்? கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டதா? அன்றைக்கே நெஞ்சு வலி இருந்து, சொல்லாமல் விட்டீர்களா?

நான் அழுதேன், மாமா. கொஞ்சம் துக்கத்தில், நிறைய கோபத்தில்.

தின்னர் வைத்துத் துடைத்தேன், மை இன்னும் பரவிச் சாம்பல் பூத்தது. உப்புத்தாள் போட்டால் மரமே போய்விடும். வேறு வெனீர் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் போய் வாங்கினால் அது என் கட்டில், தாய்மாமன் கட்டில். அதோடு முடிந்தது.

பவித்ரா வந்து பார்த்தாள். வட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியே ஒட்டிடுங்க மாமா. அப்பா போட்டது, இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். எனக்கும் மனசு இளகிவிட்டது. அந்த நேரத்தில் அக்கா டூட்டி முடிந்து வந்தாள். இன்னும் அதே கம்பெனியில் செக்கிங்கில்தான் இருக்கிறாள். பெண் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"உங்கப்பா வட்டம் போட்ட தோல ஒரு ஷூவுலயாவது வெளிய அனுப்பியிருக்காரா? வட்டம் போட்டா அது ஒதுக்கற இடம். அத என் பொண்ணு தலைமாட்டுல வைக்கறதா? அவரு மானம் போவும்."

அப்புறம் அவளே கீழே உட்கார்ந்தாள். தாள்களைத் தரையில் பரப்பினாள். ஒரு பழைய அட்டையை எடுத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டைமண்ட் வெட்டி, வட்டத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் வைத்துப் பார்த்தாள். "பெரிய பீஸா எடுத்தாதான் வட்டம் உள்ள வரும். சின்னதா எடு. ஷூவுக்கு இடது, வலது எடுக்கற மாதிரி ஜோடி ஜோடியா எடு" என்றாள்.

எனக்குச் சின்னத் துண்டு வேலை பிடிக்காது. மரத்தை முழுசாகக் காட்ட வேண்டும் என்று சொல்கிறவன் நான். இதற்காக உங்களிடம் எத்தனை தடவை வாய்ச்சண்டை போட்டிருப்பேன்? ஆனால் அட்டையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தபோது, வட்டங்களைத் தொடாமல் தலைமாட்டுக்கு ஏறக்குறையப் போதுமான துண்டு வந்தது. மூன்றே மூன்று துண்டு கம்மி.

அந்த மூன்றுக்கு நான் ஒரு தந்திரம் செய்தேன். கடைசித் தாளில் ஒரு வட்டம், பேனா தீர்ந்துபோயிருக்க வேண்டும், மை லேசாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், நகத்தால் தடவிப் பார்த்தேன். மாமா இங்கே கோட்டை விட்டுவிட்டார் என்று முடிவு பண்ணி, மையை மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு துண்டு வெட்டினேன். முதல் வேலையாக அதை ஒரு பழைய பலகையில் ஒட்டிப் பார்த்தேன். பசை ஈரம் பட்டதும், மையின் தடம் இருந்த அதே இடத்துக்குள் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது.

நான் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். உங்களை நான் எத்தனை திட்டியிருந்தேனோ, அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். பேனாதான் தப்பு, மாமா. கண் தப்பில்லை. நான் ஜன்னல் வெளிச்சத்தில் தேடியும் காணாததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? விரலில் தெரிந்ததா?

அதன் பிறகு ஒரு வட்டத்தைக்கூடக் கேள்வி கேட்கவில்லை. நீங்கள் ஒதுக்கச் சொன்னதையெல்லாம் ஒதுக்கினோம். கம்மியான மூன்று துண்டுக்காக ஓரத்தில் தேக்குச் சட்டத்தை விரலளவு அகலமாக்கினேன். அக்கா துண்டுகளை ஜோடி சேர்த்துக் கொடுத்தாள், பவித்ரா பேப்பர் டேப் ஒட்டினாள், நான் பசை போட்டு இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தி வைத்தேன். பாலிஷ் ஏறியதும் இடது பக்கத்து டைமண்ட் கறுத்தால் வலது பக்கத்தது சிவக்கிறது, நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தால் மாறிப்போகிறது. இத்தனை வருஷத்தில் நம் பட்டறையிலிருந்து இதைவிட நல்ல வேலை வெளியே போனதில்லை. இதை நானே சொல்கிறேன், என் வாயிலிருந்து.

பட்டறையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆர்டர் நெருக்கித் தள்ளுகிறது. பைபாஸ் பக்கம் புதிதாகத் திறக்கிற பிரியாணிக் கடைக்காரர் வந்து வெனீர் மேசை கேட்டார். "கொதிக்கிற பிரியாணி தேக்சாவ அது மேல வைப்பீங்க, நாலு நாள்ல கொப்புளம் போட்டுடும். கல்லு போட்டுக்கங்க பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டு, தன் வீட்டுக்கு அலமாரி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். வெனீர் பார்க்க இப்போது லீவு நாளில் அக்காவே வந்துவிடுகிறாள். சாக்பீஸ்தான் கொடுத்திருக்கிறேன்.

நேற்று உங்கள் அண்ணன் வந்தார். கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "தாய்மாமன் சீர் ஜோரா இருக்குப்பா" என்றார். நான் அவரை உட்கார வைத்து இப்படிச் சொன்னேன்: மரம் பார்த்து எடுத்தது உங்கள் தம்பி. எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று சொன்னதும் உங்கள் தம்பி. நாங்கள் அவர் சொன்ன இடத்தில் கத்தி வைத்தோம், அவ்வளவுதான். கம்பெனியில் குறை பார்க்கிறவன் பார்த்து, வெட்டுகிறவன் வெட்டினால், அது யார் வேலை? அவர் ரொம்ப நேரம் தலைமாட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "அவனுக்குச் சின்ன வயசுலயே அந்தக் கண்ணு" என்றார்.

அக்காதான் இன்னும் அடம் பிடிக்கிறாள். சீர் வாசிக்கும்போது மேடைப் பக்கம் வரமாட்டாளாம், பின் வரிசையில் உட்கார்ந்துகொள்வாளாம். புருஷன் இல்லாதவள் என்று நாலு பேர் ஏதாவது சொல்வார்களாம். நான் சும்மா இருந்தேன். நான் சும்மா இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

நாளைக்கு மைக்கை நான் வாங்குவேன், மாமா. இது சத்தியம். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கட்டில் பக்கத்தில் நிறுத்துவேன். "பொண்ணோட அப்பா சீர், கட்டில்" என்று உங்கள் பெயரைச் சொல்லி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி வாசிப்பேன். அவர்தான் இல்லையே என்று யாராவது முணுமுணுத்தால், இங்கே வந்து இந்தப் பலகையில் ஒரே ஒரு குறை காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்பேன்.

உங்கள் மச்சான்,
உங்கள் பெண்ணுக்குத் தாய்மாமன்,
தனசேகர்
ஆம்பூர்