வாசல் பார்த்த செருப்பு

சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிள்ளை எல்லோரும் சுகம் என்றே நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒன்றுமில்லை. போனில் பேசாமல் எதற்குக் காகிதத்தைத் தேடி எடுத்தாள் என்று பதறாதே. போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய். உன் வாய் என் வாய்தான், யாரைக் குறை சொல்வது? இது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய விஷயம்.

உன் அண்ணனைப் பற்றித்தான். துரையை அந்த வீட்டில் விட்டு மூன்று மாதம் ஆகப் போகிறது. அதுவரை பார்ப்போம், ஒத்துவராவிட்டால் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நாம் பேசிவைத்திருந்தோம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி அந்த வீட்டை நடத்துகிற ஆபீசிலிருந்து கேட்டுவிட்டார்கள். "நீ என்ன சொல்றியோ அதாம்மா" என்று நீயும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டாய்.

உண்மையைச் சொல்கிறேன். கூட்டி வந்துவிடுவது என்று முதல் நாளே முடிவு செய்துதான் அவனை விட்டுவிட்டு வந்தேன். அதற்கு ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். காரணம் கண்டுபிடிக்கத் தெரியாதவளா நான்? பிஸ்கட் கம்பெனியில் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, கருகியதையும் விளிம்பு உடைந்ததையும் பொறுக்கிப் போட்டே ரிட்டயர் ஆனவள். அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன்.

துரையோடு சேர்த்து அங்கே நாலு பேர். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு சாவி. கூட இருந்து பார்த்துக்கொள்ள முறை வைத்து ஆட்கள் வருகிறார்கள். பகலில் இருப்பவனுக்கு நான் வைத்திருக்கும் பேர் நெட்டையன். நிலைப்படியில் குனிந்துதான் வருவான். முதல் தடவையே அவனோடு எனக்கு முட்டிக்கொண்டது. துரையின் அறைக்குள் நான்பாட்டுக்கு நுழையப் போனேன். "கதவைத் தட்டிட்டுப் போங்கம்மா, அவரு உள்ள இருக்காரு" என்றான். நமக்கு அவன் நாற்பது வயதுக் குழந்தை, அங்கே 'அவரு'. பெற்றவளைக் கதவு தட்டச் சொல்கிறாயா என்று கேட்டேன். "நாங்களும் தட்டிட்டுத்தாம்மா போறோம்" என்றான். தட்டினேன். உள்ளேயிருந்து உன் அண்ணன் "யாரு?" என்று அதிகாரமாகக் கேட்கிறான்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வாரம் அவன் விரலில் கொப்புளம். மாட்டினீர்களா என்று பிடித்துக்கொண்டேன். டீ போடக் கற்றுக்கொடுக்கிறார்களாம். கெட்டிலில் கை பட்டுவிட்டது. வீடே அதிரும்படி சத்தம் போட்டேன். நம் வீட்டில் அவனை அடுப்புப் பக்கமே விட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். நெட்டையன் மழுப்பவில்லை. "தப்பு என் மேலதாம்மா. பக்கத்துலயே நின்னிருக்கணும், ஒரு நிமிஷம் திரும்பிட்டேன். இனிமே டீ போட வேணாமான்னு அவருகிட்டயே கேட்டேன், கேக்கவே மாட்டேங்கிறாரு" என்றான். துரையைப் பார்த்தேன். விரலை ஊதிக்கொண்டே "நாந்தான் போடுவேன்" என்கிறான்.

எல்லாமே சரி என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் சில நாள் மாற்றாக வருகிற பெண் சரியில்லை. போனைப் பார்த்துக்கொண்டே மாத்திரையைக் கையில் திணிக்கிறாள். வலிப்பு மாத்திரையைத் துரை கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து பிறகு துப்பிவிடுவான், வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இதை மட்டும் நீ ஆபீசுக்குக் கொஞ்சம் காரமாக எழுது. நான் சொன்னால் கிழவி புலம்புகிறாள் என்பார்கள். நீ எழுதினால் விழுந்தடித்துக்கொண்டு செய்வார்கள்.

இங்கே நம் வீட்டைப் பற்றி என்ன சொல்ல. கத்தியும் தீப்பெட்டியும் இன்னும் பரண் மேல்தான் இருக்கின்றன. ஒரு வெங்காயம் நறுக்க ஸ்டூல் போட்டு ஏறி இறங்குகிறேன். கீழே வைத்தால் யார் எடுக்கப் போகிறார்கள்? ஆனாலும் கை வரவில்லை. அவன் உள்ளே தாழிட்டுக்கொண்டு விழுந்துவிடக் கூடாது என்று அப்பா குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாரே, அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. கதவுக்கு வாளியை அண்டக் கொடுத்துத்தான் இன்னும் குளிக்கிறேன். இத்தனை வருஷமாக எங்கே கூப்பிட்டாலும், அவனை யார் பார்ப்பது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். போன வாரம் தலையை வாரிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் போய் உட்கார்ந்தேன். எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். சில நாள் யாரிடமும் வாய் திறக்காமலே பொழுது சாய்ந்துவிடுகிறது. தனியாக இருக்கிறேன் சின்னவளே, ரொம்பத் தனியாக இருக்கிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. செருப்பு விஷயத்தில் அவன் வழக்கம் நீ அறிந்ததுதான். அவனுக்கும் வீட்டில் ஒரு வேலை இருக்கட்டும் என்று அப்பா பழக்கிவிட்டது. வீட்டு ஆட்களின் செருப்பு உள்ளே அடுக்கில். வந்துபோகிறவர்களுடையது வாசலில், தெருவைப் பார்த்துத் திருப்பி. கிளம்பும்போது அப்படியே காலை நுழைத்துக்கொண்டு போய்விடலாம். அதில் மட்டும் அவன் ஒருநாளும் தப்பியதில்லை. அப்பா இறந்த பிறகும் அவர் செருப்பை அடுக்கிலிருந்து எடுக்க விடவில்லை. நீ கடைசியாக வந்திருந்தபோது உன் செருப்பைத் தெருப் பக்கம் திருப்பி வைத்தான். "பாத்தியாம்மா, என்னை விருந்தாளியாக்கிட்டான்" என்று சிரித்தாய். பிறகு அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் போய் உட்கார்ந்ததும் டீ கொண்டுவந்தான். சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தான். வாயில் வைக்க முடியாத இனிப்பு. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். சட்டைப் பொத்தானெல்லாம் சரியாக இருந்தது. நகம் வெட்டியிருந்தது. சரி, காரணம் எதற்கு, நேராகவே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. நம்ம வீட்டுக்கே வந்துடறியாடா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். பின்னாலேயே போனேன். உள்ளே சுவரோரமாக ஒரு அடுக்கு. அதில் அவன் செருப்பு இருந்தது, மற்ற மூன்று பேருடையதும் இருந்தது, நெட்டையனுடைய படகு மாதிரிச் செருப்புகூட இருந்தது. என்னுடையது மட்டும் வாசலில். தெருவைப் பார்த்து, ஜோடி பிசகாமல். ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டிவிட்டிருந்தான்.

கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. காலை நுழைத்துக்கொண்டேன். "பாத்துப் போம்மா" என்றான். வந்தவர்களை வழியனுப்ப அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, நான் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். துக்கமா என்றால் துக்கம்தான், மறைக்கவில்லை. ஆனால் அது நல்ல வீடு என்பதற்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டாம். நன்றாக வெந்ததைக் கருகியது என்று ஒதுக்கி எனக்குப் பழக்கமில்லை.

அதனால் அவன் அங்கேயே இருக்கட்டும் என்று ஆபீசுக்குச் சொல்லிவிடு. நீயே சொல். நான் சொல்லப் போனால் பாதியில் மாற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

குளியலறைக்குத் தாழ்ப்பாள் போட ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளையைக் கடிந்துகொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைக்குமா, எப்போது வருவாய் என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. எப்போதாவது வந்தால் செருப்பை வாசலில் விடாதே. நேராக உள்ளே கொண்டுவந்து அடுக்கில் வை. இடம் நிறைய இருக்கிறது. திருப்பி வைக்க இங்கே இப்போது ஆள் இல்லை.

நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அம்மா