பத்து நாளைக்கு ஒரு பூச்சி

எங்க வீட்டு வாலுக்கு, அப்பா எழுதிக்கிறது. இங்க நானும் உங்கம்மாவும் தவறாம மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம், அங்க நீயும் அதையே ஒழுங்கா செஞ்சுக்கிட்டு இருப்பேன்னு நம்புறேன். போன்ல சொன்னா ஆகாதான்னு கேப்பே. போன்ல நான் வாயத் திறந்தா உனக்கு உடனே சிக்னல் போயிடுது, கடுதாசிக்கு அந்த நடிப்பெல்லாம் செல்லாது, என் கோழிக்கிறுக்கலை எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். விஷயம் உன் எட்டுக்கால் மகாராணியைப் பத்தினது. எங்களுக்கு அதுக்குச் சாப்பாடு போடத் தெரியலையாம், போட்டே கொன்னுடுவோமாம், அதனால மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை பிராணிக் கடைக்காரன் வந்து கண்ணாடிப் பொட்டியோட தூக்கிட்டுப் போவான், பேசாம கொடுத்துடுங்கன்னு சொன்னியே, அதுக்குப் பதில்தான் இது. கொடுக்கிறதா இல்லையான்னு சொல்றதுக்கு முன்னாடி இங்க நடந்ததைக் கேட்டுக்க. அந்தக் கடைக்கார மீசைக்காரன் உன்கிட்ட போட்டுக்கொடுத்தது பாதிக் கதைதான், மீசை வளந்த அளவுக்கு அவனுக்கு விவரம் வளரலை.

ஊர்ல பொண்ணுங்க பூனை வளக்குது, கிளி வளக்குது, ஒண்ணுமே தோணலைன்னா நகம் வளக்குது. எனக்குன்னு பொறந்தது கையகலத்துக்கு மயிர் மொளச்ச சிலந்தியை வளக்குது. வளத்தவ கூடவே கொண்டுபோனியா, அதுவும் இல்லை, தூரதேசத்துல வேலை கெடைச்சதும் அதை எங்க தலையில கட்டிட்டு விமானம் ஏறிட்டே. டரான்டுலாவாம், பேரைச் சொல்றதுக்குள்ள என் பல்செட்டு ஆடுது. அடுப்படிப் பல்லிக்காவது கொசு பிடிக்கிற உத்தியோகம் இருக்கு, இது நாள் பூரா தேங்காய் நார்த்தூள் மேல குந்திக்கிட்டு சுவத்தைப் பாக்குது. எட்டுக் கண்ணு இருக்காம், ஒண்ணுலயும் பார்வை சரியில்லையாம். எட்டுக் கால் இருக்கு, நடக்காது. உன் பெரிய மாமன் எவ்வளவோ தேவலை, அவன் ரெண்டே காலை வெச்சுக்கிட்டுத்தானே சும்மா இருக்கான். சரி, இதுக்கு எப்போ எப்போ சாப்பாடு போடணும்னு கேட்டா, பத்து நாளைக்கு ஒரு சுவர்க்கோழிப் பூச்சி போதும்ப்பா, தின்னலைன்னா மறுநாள் எடுத்துடணும், தண்ணி மட்டும் சின்னக் கிண்ணத்துல எப்பவும் இருக்கணும்னு சொல்லிட்டுப் போனே. அந்தச் சுவர்க்கோழிக்கு ஒரு தனி டப்பா, அதுங்களுக்குத் திங்க கேரட்டுத் துண்டு. சாப்பாட்டுக்கே சாப்பாடு போடுற பொழைப்பை இந்த வயசுலதான் பாத்தேன். அதுல நாலு தப்பிச்சுப் போய் அடுப்புக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு கீ கீன்னு கச்சேரி பண்ணுதுங்க, அது தனி.

நான் யாரு, ஆலைக் கேண்டீன்ல கரண்டி பிடிச்சே முடி நரைச்சவன். என் கண்ணு முன்னால எவன் தட்டும் காலியா இருந்தது இல்லை. போதும் போதும்னு தட்டு மேல கையை வெச்சவனுக்கு விரலிடுக்குல ஊத்தியிருக்கேன். என்கிட்ட வந்து பத்து நாளைக்கு ஒரு தடவைன்னா என்ன அர்த்தம், அது என்ன சிலந்தியா சாமியாரா. உனக்கு அதைப் பட்டினி போட்டே பழக்கம்னு நெனச்சு நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில காப்பி குடிச்ச கையோட ஒண்ணு போட்டுட்டு இருந்தேன். போட்டதும் லபக்குன்னு பிடிச்சது. பாத்தியா, பசியோட இருந்திருக்கு, இவ பெரிய ஆராய்ச்சிக்காரின்னு உன்னைத்தான் திட்டுனேன்.

இதுல எனக்குத் தெரியாத சங்கதி என்னன்னா, உங்கம்மாவும் மத்தியானம் நான் கண்ணசந்த நேரத்துல ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்திருக்கா. அவ ஏன் என்கிட்ட சொல்லலை, நான் ஏன் அவகிட்ட சொல்லலைன்னு கேப்பே. நாங்கதான் பேசிக்கிறதே இல்லையே. உன்கிட்ட போன்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுறோம்ல, அதுல உனக்கு எங்க தெரியப்போகுது. அவ தையல் மிஷின் கிரீச் கிரீச்னு கத்துதேன்னு நான் நல்ல மனசோட எண்ணெய் விட்டேன். பொரிச்சு மீந்த எண்ணெய்தான், எண்ணெய்ன்னா எண்ணெய்தானே, அதுல என்ன ராஜகுடும்பம். அது உள்ள போய்ப் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு ஊசி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, எதிர்வீட்டு டீச்சரம்மாவோட வெள்ளைத் திரை வேற அதுல மாட்டி மஞ்சளாப் போச்சு. அன்னையிலேருந்து உங்கம்மா என்கிட்ட பேசுறது கிடையாது. சாப்பாடு ஆயிடுச்சுன்னா மின்விசிறியைப் பாத்துச் சொல்லுவா, மாத்திரை தீந்துடுச்சுன்னா சுவத்துக்கிட்ட சொல்லுவா. நான் மட்டும் எளச்சவனா, நானும் கதவுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷத்துல எங்க சண்டை எதுவும் ஒரு வாரம் தாண்டுனது இல்லை, இது ஆறாவது மாசம். கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், உங்கம்மா வாயிலேருந்து ஒரு வார்த்தை உரிக்க முடியாது.

இப்படி வேளைக்கு வேளை ரெண்டு பக்கமும் போட்டதுல மகாராணிக்கு வயிறு எலுமிச்சம்பழம் மாதிரி ஆயிடுச்சு, பின்பக்கத்தைத் தரையில இழுத்துக்கிட்டு நடந்தா. சுவர்க்கோழி கொடுக்க வந்த மீசைக்காரன் அதைப் பாத்துட்டு, பெரியவரே, இது சிலந்தி, உங்க கேண்டீன் ஆளு இல்லை, இந்த வயித்தோட கண்ணாடியில ஏறி அரையடி உயரத்துலேருந்து விழுந்தாக்கூட வயிறு பிளந்து செத்துடும்னு சொன்னான். நான் ஒருத்தன் போட்டதுக்கா இவ்வளவு வயிறுன்னு எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு. அதைத்தான் அவன் உனக்கு உடனே தந்தி அடிச்சுட்டான். அவன் போனதுக்கு அப்புறம் நடந்தது அவனுக்குத் தெரியாது.

மறுநாளே அது சாப்பாட்டைத் தொடலை. போட்ட பூச்சி அது முதுகு மேலயே ஏறி நடந்துச்சு, திரும்பிக்கூடப் பாக்கலை. நான் போட்டதை வேண்டாம்னு சொல்ல இதுக்கு என்ன திமிருன்னு இன்னொண்ணைப் பிடிச்சு உள்ள விட்டேன், பசிச்சா தின்னு, இல்லைன்னா அதுங்களோட விளையாடுன்னு. மறுநாள் எடுக்கணும்னு நீ சொன்னது ஞாபகம்தான், ஆனா தட்டுல போட்டதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் என் கைக்குக் கிடையாது. ரெண்டு நாள் கழிச்சுக் காலையில பாத்தா மகாராணி மல்லாந்து கெடக்கா, எட்டுக் காலும் மேல பாக்குது. சரி, கதை முடிஞ்சது, தின்னே செத்தா, என் சர்வீஸ்ல இப்படி ஒரு கிராக்கி இல்லைன்னு நெனச்சு, எடுத்து வெளிய போட அடுப்படியிலேருந்து இடுக்கியைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தேன். பொய் சொல்ல மாட்டேன், இடுக்கியை உள்ள விட மனசு வராம மூடியையே பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்போதான் உங்கம்மா பின்னால வந்து நின்னா. மின்விசிறியைப் பாக்கலை, சுவத்தைப் பாக்கலை, நேரா என் மூஞ்சியைப் பாத்து, ஏங்க, கையை எடுங்க, அது சாகலை, சட்டை உரிக்குது, மல்லாந்துதான் உரிக்கும்னு பாப்பா என்கிட்ட சொல்லியிருக்கா, உள்ள பூச்சி இருந்தா அந்த நேரத்துல சிலந்தியையே கடிச்சுத் தின்னுடுமாம், நீங்க எத்தனை போட்டீங்கன்னு கேட்டா. ரெண்டுன்னேன். குனிஞ்சு பாத்தா ஒண்ணு ஏற்கனவே மகாராணியோட பின்னங்காலைக் கொறிச்சுக்கிட்டு இருக்கு. சாப்பாடு ஆளைத் திங்கிற கூத்தை அன்னைக்குத்தான் பாத்தேன். இடுக்கியாலயே அலுங்காம பிடிச்சேன், தண்ணிக் கிண்ணத்துக்கிட்ட இருந்த இன்னொண்ணையும் பிடிச்சேன், ரெண்டும் ஆச்சு, வேலை முடிஞ்சதுன்னு மூடியை மூடப் போனேன். உங்கம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுட்டா. இன்னொண்ணு இருக்கும், நேத்து மத்தியானம் நான் போட்டேன்னா. நீயான்னேன். பின்னே, நீங்க அதைப் பட்டினி போடுறீங்கன்னு நெனச்சேன், அதான் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மத்தியானம் போட்டுக்கிட்டு இருந்தேன்னா. மூணாவது, பொட்டிக்குள்ள கெடந்த மரப்பட்டைக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சு. அவ டார்ச் அடிச்சா, நான் பிடிச்சேன். அவ வாயத் திறக்காம இருந்திருந்தா அது உள்ளயே இருந்திருக்கும், உன் மகாராணி பஞ்சு பஞ்சாக் கிழிஞ்சு போயிருப்பா.

ஆக, உன் சிலந்தி உசுரோட இருக்கு. மத்தியானத்துக்குள்ள பழைய சட்டையை உரிச்சுப் போட்டுட்டுப் புதுமாப்பிள்ளை மாதிரி பளபளன்னு உக்காந்துச்சு. ஒரு பின்னங்கால் நுனி போயிடுச்சு, அடுத்த சட்டைக்கு மொளைச்சுடுமாம், எனக்கு அந்த வசதி இருந்தா முட்டி வலிக்கு மருந்தே வாங்க மாட்டேன். இப்போ பல்லு கெட்டியாகுற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு அதுக்கு ஒண்ணும் போடக் கூடாதுன்னு உங்கம்மா உத்தரவு. காலையில எழுந்ததும், எதுவும் போட்டீங்களான்னு கேக்குறா. போடலைன்னு சொல்றேன். போடாதீங்கன்னு சொல்றா. சாயங்காலமும் அதே கேள்வி, அதே பதில். மத்ததுக்கெல்லாம் இன்னும் மின்விசிறிதான். இந்த ஒண்ணுக்கு மட்டும்தான் என் மூஞ்சி.

அதனால பொட்டியை அந்த மீசைக்காரன்கிட்ட கொடுக்க முடியாது. அவன் வந்தா வாசல்லயே கேரட்டு கொடுத்து அனுப்பிடுவேன், பொட்டியைத் தூக்க வர வேண்டாம்னு நீயே முன்கூட்டி அவனுக்குச் சொல்லிடு, மறந்துடாதே. இன்னொரு சங்கதி. ரெண்டு வாரம் ஆனதும் இது மறுபடியும் பத்து நாளைக்கு ஒரு பூச்சின்னு ஆயிடும். போட்டாச்சா இல்லையான்னு பத்து நாளைக்கு ஒரு தடவை கேட்டாப் போதும்னு உங்கம்மா கணக்குப் போட்டு வெச்சிருப்பா, அவளை எனக்குத் தெரியும். குட்டிச் சிலந்தின்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போடணும்னு அந்த மீசைக்காரன் எப்பவோ சொன்னான். அருவருப்பான பிராணிதான், வீட்டுக்கு ஆகாததுதான், ஒண்ணே அதிகம்தான். இருந்தாலும் அடுத்த தடவை சுவர்க்கோழி கொடுக்க வரும்போது அவனை ஒரு குட்டி கொண்டு வரச் சொல்லு. நான் கேட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே, நீ ஆசைப்பட்டேன்னு சொல்லு.

கெடச்ச வேலையை விட்டுடாம, எவன்கிட்டயும் தலை குனியாம, கண்ட பூச்சியையும் வீட்டுக்குக் கூட்டி வராம நல்லா இரு. தலைமுழுகின அன்னைக்கு ஈரத்தலையோட வெளிய போகாதேன்னு உங்கம்மா மின்விசிறியைப் பாத்துச் சொன்னா, எழுதிட்டேன்.

உன்னைப் பெத்த பாவத்துக்குச் சிலந்திக்குக் காவல் நிக்கிற,
அப்பா