மேடையில் கவிழாமல் நின்ற படகு

என் செல்லக் கழுதை குமாருக்கு,

உன் மேல எனக்குக் கோபம். நீ போய் பதினோரு மாசம் ஆவுது, அக்கா இன்னும் அழுதுக்கிட்டே இருப்பான்னு நினைச்சியா? அழுது முடிச்சாச்சி. ஞாயித்துக்கிழமை அம்மன் திருவிழாவுல நம்ம நாடகம் நடந்துச்சி. நீ செஞ்சு வெச்ச படகு கவிழல. லைட்ஹவுஸ் குப்பமே பார்த்துக்கிட்டிருக்க, கவிழ மாட்டேன்னு நின்னுச்சி.

இந்தக் கடிதத்தைக் குப்பத்து வாட்ஸ்அப் குரூப்புல போடப்போறேன். ஏன்னு கடைசியில சொல்றேன். வேலைக்குன்னு வெளியூர் போன பசங்களும் படிப்பாங்க, அவங்களுக்கும் புரியணும். அதனால உனக்குத் தெரிஞ்சதையும் சேர்த்துத்தான் எழுதறேன். மூஞ்சைத் தூக்கி வெச்சுக்காத.

நாடகம் முழுக்கப் பாட்டு. அத்தனையும் நான் எழுதினது. கடலுக்குப் போற ஒருத்தன், கரையில அவன் பொண்டாட்டி, அவ்ளோதான் கதை. பொண்டாட்டியா பாடுறதும் நான்தான். ஆனா தோணிரேவுலேர்ந்தும் பழவேற்காட்டுலேர்ந்தும் ஜனங்க வந்து பாய் விரிச்சு உட்கார்றது என் தொண்டைக்கா? உன் படகுக்குடா. எனக்கு அதுல கொஞ்சம் வயித்தெரிச்சல்கூட உண்டு, உன்கிட்ட சொன்னதில்ல.

ஓட்டை விழுந்து கரையில கிடந்த ஃபைபர் படகை ரெண்டா அறுத்து, முன்பாதியை மட்டும் ஒரு இரும்புக் குழாய் மேல உட்கார வெச்ச. ரெண்டு பக்கமும் கயிறு, கயித்துக்கு ரெண்டு ஆளு. மாத்தி மாத்தி இழுத்தா படகு ஆடும். கிழிஞ்ச வலையெல்லாம் நீலமும் பச்சையுமா சாயம் போட்டு மூணு வரிசையா கட்டினே, பொம்பளைங்க அதைப் பிடிச்சு உதறினா அலை. அப்புறம் பின்னாடி ஒரே ஒரு கயிறு. அதை விட்டா படகு அப்படியே சாஞ்சு வலைக்குள்ள போயிடும், உள்ளே இருக்கிறவன் வைக்கோல் மெத்தையில விழுவான். அடுத்த நொடி லைட்டு என் மேல வரும், நான் ஒப்பாரியை எடுப்பேன். முதல் வருஷம் பஜார்ல துணிக்கடை வெச்சிருக்கிற பாய், "யா அல்லா, புள்ள போயிட்டானே!"ன்னு எழுந்தே நின்னுட்டாரு. ஞாபகம் இருக்கா?

அந்தப் பின்கயித்தை நாலு வருஷமும் நீதான் பிடிச்சே. வேற யாரையும் தொட விடல. சரியான பெருமைக்காரன், கவிழ்க்கிற பேரு தனக்கே வரணும்னு பார்க்கிறான்னு நினைச்சேன். ஏன்னு ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னியா? எல்லாத்துக்கும் ஒரு சிரிப்பு. சிரிச்சிக்கிட்டே இருந்துட்டுப் போயிட்ட.

இந்த வருஷம் கமிட்டிக்காரங்க பெரிய ஸ்க்ரீன் வாடகைக்கு எடுக்கலாம்னாங்க. கடலு, புயலு, படகு எல்லாம் வீடியோவுலயே வந்துடுமாம். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! வாசலைத் தாண்டினா நிஜக் கடலு, மேடையில வேற எவனோ ஊர்க் கடலை எடுத்து ஓட்டுவாங்களாம். "என் தம்பி படகு இருக்கு. அது ஆடும், அது கவிழும், நான் பொறுப்பு"ன்னு கத்திட்டு வந்தேன். கவிழலைன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து ஸ்க்ரீன்தான்னு அவங்களும் சொல்லிட்டாங்க.

பின்கயித்தை யார்கிட்ட குடுக்கிறது? கோவிந்து சித்தப்பாகிட்ட குடுத்தேன். கயிறுன்னா அவர் கைதான்னு உனக்கே தெரியும். நீயும் அவரும் ஒரே படகுல எத்தனை வருஷம் போனீங்க. போன வருஷம் முகத்துவாரத்துல மணல்மேட்டு அலை உங்க படகைப் புரட்டினப்போ, உன்னை எட்டிப் பிடிச்சவரும் அவர்தான். உன் சட்டை மட்டும்தான் அவர் கையில வந்துச்சி.

"வேணும்னே அவர்கிட்ட குடுத்தியாடி?"ன்னு அம்மா கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்.

ஒத்திகையில எல்லாம் சரியாத்தான் போச்சி. மணல் மூட்டையைப் படகுல போட்டுப் பார்த்தோம். நான் கையைக் காட்டினதும் சித்தப்பா விட்டாரு, படகு சுத்தமா சாஞ்சுது. ரெண்டு தடவை பார்த்தோம். எனக்கு அவ்ளோ நிம்மதி, எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை படகுல மூட்டை இல்ல. சேகர் இருந்தான், நம்ம ஐஸ் வண்டி ஓட்டுவானே, அவன்தான் இந்த வருஷம் கதாநாயகன். பொழுது சாயும்போது ஆரம்பிச்ச நாடகத்துல புயல் கட்டம் வந்துச்சி. அலை எழும்புச்சி, படகு ஆடுச்சி, ஜனங்க மூச்சு விடல. கையைக் காட்டினேன். படகு ஒரு முழம் சாஞ்சுது, நின்னுடுச்சி. மறுபடி காட்டினேன். நிமிர்ந்துடுச்சி! பக்கக் கயித்துக்காரங்களும் சேர்ந்து இழுத்துப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஆர்மோனியக்காரர் ஒப்பாரிக்கு முன்னாடி வர்ற வாசிப்பை நாலு தடவை வாசிச்சாரு. சேகர் படகுல உட்கார்ந்தபடி, "அக்கா, இன்னா பண்றது? குதிச்சிடட்டுமா?"ன்றான். கீழே பசங்க, "மூழ்குப்பா, மூழ்கு!"ன்னு கூச்சல். எவனோ விசில் அடிச்சான். புருஷன் குத்துக்கல்லாட்டம் எதிர்ல உட்கார்ந்திருக்கான், நான் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிறேன். எப்படிடா பாடுறது?

விடுவிடுன்னு பின்னாடி போனேன். சித்தப்பா கயித்தை இடுப்புல ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு, குதிகாலை மணல்ல புதைச்சு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு நிக்கிறாரு. "விடுங்க சித்தப்பா"ன்னேன். "ஆள் இருக்கும்மா"ன்னாரு. "நாடகம் சித்தப்பா!" "ஆள் உள்ளே இருக்கும்மா." திரும்பத் திரும்ப அதேதான்.

எனக்குத் தலைக்கு ஏறிடுச்சி. "அன்னிக்கி என் தம்பியைப் பிடிக்கத் துப்பில்ல, இன்னிக்கி பொம்மைப் படகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா?"ன்னு கேட்டுட்டேன். நீங்கன்னுகூட வாயில வரல. என் கழுத்துல மைக் இருக்கிறதும் ஞாபகத்துல இல்ல. அந்த வார்த்தை எல்லா ஸ்பீக்கர்லயும் போச்சி, குமாரு. மொத்த ஜனமும் கேட்டுச்சி. அவர் பொண்டாட்டி கேட்டாங்க, பேரப்புள்ளைங்க கேட்டுச்சிங்க.

அவர் அப்பவும் கயித்தை விடல. யாரோ திரையை இழுத்துட்டாங்க. சேகர் இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டு, "நான் வந்துட்டேன், விடு சித்தப்பா"ன்னு சொன்ன பிறகுதான் கையைத் திறந்தாரு. உள்ளங்கை தோல் உரிஞ்சு கிடந்துச்சி.

அப்பதான்டா எனக்கு உறைச்சுது. ஆள் உட்கார்ந்திருக்கிற படகோட கயித்தை நம்ம ஆளுங்க கையில குடுத்து விடுன்னு சொன்னா, யார் விடுவாங்க? நீ இருந்த வருஷத்துலயும் யாரும் விட்டிருக்க மாட்டாங்க. அது தெரிஞ்சுதான் அந்தப் பாவத்தை நீ உன் கையிலயே வெச்சிருந்த. நான் அதைப் பெருமைன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீ சொல்லாததுக்கு உன் மேல கோபம், எனக்குப் புரியாததுக்கு என் மேல கோபம். இதுல கமிட்டிக்காரங்க வேற, "ஸ்க்ரீனுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாமா?"ன்னு கேட்டு அனுப்பறாங்க. எனக்கு யார் மேல பாய்றதுன்னே தெரியல.

இன்னியோட அஞ்சு நாளு. சித்தப்பா கரைக்கே வரல. அவர் வீட்டு வழியா ரெண்டு தடவை போனேன், உள்ளே போகக் கால் வரல. ஊர் எதிர்ல சொன்ன வார்த்தையை ஊர் எதிர்லதானே திருப்பி வாங்கணும்? அதுக்குத்தான் இதை குரூப்புல போடறேன். சித்தப்பா, அன்னிக்கி நீங்க என் தம்பியை விடல. கடல்தான் பிடுங்கிக்கிச்சி. எனக்கு அது அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் அப்படிப் பேசினேன். மன்னிச்சுடுங்க. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வரேன், கதவைச் சாத்தினாலும் வாசல்லயே நிப்பேன்.

குமாரு, உனக்கு ஒரு வாக்கு குடுக்கறேன். கமிட்டிக்காரங்க கால்ல விழுந்தாவது இன்னொரு வருஷம் கேட்டு வாங்குவேன். பின்கயிறு இனிமே மறைவுல கிடக்காது. மேல ஒரு கட்டையைக் கட்டி, அது வழியா கயித்தை வளைச்சு, மேடைக்கு நடுவுக்கே கொண்டு வரச் சொல்லியிருக்கேன். கதையில அந்தப் பொண்டாட்டி கையில கயிறு இருக்கும், அவ இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கிறதை ஜனங்க பார்ப்பாங்க. படகு சாஞ்ச உடனே சேகர் வலைக்கு அடியில புகுந்து மேடைக்குப் பின்னாடி வந்து, ஆள் பத்திரமா இருக்கான்னு தெரியற மாதிரி சித்தப்பா எதிர்ல முழுசா நிக்கணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கயித்தை நான் பிடிப்பேன்டா. விடறதும் நானே விடுவேன். விட்டுட்டுப் பாடுவேன்.

உன்னை இடுப்புல தூக்கி வளர்த்த,
அக்கா மல்லிகா